காலில் கயிறு இல்லை, பொம்மை நடக்கிறது!

பொம்மலாட்டத்தில் பொம்மை எப்படி நடக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "காலில் கட்டிய கயிற்றை மேலிருந்து இழுக்கிறார்கள்" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வகுப்பிலும் அப்படியே சொல்லி வந்தேன். அதைத் திருத்திக்கொள்ள இத்தாலி வரை போக நேர்ந்தது.

இத்தாலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் உள்ள பெரிய தீவு சிசிலி. அதன் தலைநகரான பலெர்மோவில் பன்னாட்டுப் பொம்மலாட்ட அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 1975-ஆம் ஆண்டில் அதை நிறுவிய அந்தோனியோ பஸ்குவாலினோ ஓர் அறுவை மருத்துவர். சினிமாவும் தொலைக்காட்சியும் பரவியபின் சிசிலியின் பொம்மலாட்ட அரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பழைய பொம்மைகள் விலைக்கு வந்தன. அவற்றைத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றியவர் அவர். இந்தக் கலையை 2001-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

உள்ளே நுழைந்ததும் வரிசை வரிசையாக வீரர்கள்! மரத்தால் ஆன உடல்; பளபளக்கும் உலோகக் கவசம்; கையில் வாள். நான் கால்களைக் கூர்ந்து பார்த்தேன். கயிறு இல்லை. தலை வழியாக ஓர் இரும்புக் கம்பி. வலக்கையில் இன்னொரு கம்பி. இடக்கைக்கு ஒரு கயிறு. அவ்வளவுதான். ஆனால் அங்குள்ள சிறு அரங்கில் ஆட்டம் தொடங்கியதும், அந்த வீரர்கள் கம்பீரமாக அடியெடுத்து வைத்து நடந்தார்கள்!

கம்பி எதற்கு?

கயிற்றால் இழுக்க முடியும், தள்ள முடியாது. கயிற்றின் மேல் நுனியைத் திருகினாலும், கீழே தொங்கும் பொருள் உடனே திரும்பாது. கம்பியோ இழுக்கும், தள்ளும், திருப்பும். வாட்போரில் வீரன் சட்டென்று திரும்ப வேண்டும், பாய வேண்டும், நிற்க வேண்டும். ஆகவேதான் கம்பி.

நம் தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் இரண்டும் உண்டு. ஆட்டுபவர் தலையில் அணிந்த இரும்பு வளையத்திலிருந்து வரும் கயிறுகள் பொம்மையைத் தாங்குகின்றன. கைகளைக் கம்பிகள் இயக்குகின்றன. எடையைத் தாங்க இழுவிசை போதும். கையை வீசத் தள்ளுவிசையும் வேண்டுமல்லவா?

கால் ஓர் ஊசல்

இனி நடைக்கு வருவோம். ஆட்டுபவர் தலைக் கம்பியைச் சற்றே சாய்த்துத் திருப்புகிறார். பொம்மையின் ஒரு பக்க இடுப்பு உயர்ந்து முன்னே செல்கிறது. அந்தப் பக்கத்துக் கால் தரையை விட்டு, கடிகாரத்தின் ஊசலைப் போல முன்னே வீசுகிறது. பிறகு மறுபக்கம். காலை முன்னே கொண்டுவருவது பெரும்பாலும் புவிஈர்ப்பு விசைதான்! ஊசலின் அலைவு நேரத்துக்கு ஏற்பக் கம்பியைத் திருப்புவதே கலைஞரின் திறமை. அவசரப்பட்டால் கால்கள் தரையில் இழுபடும்.

பலெர்மோ பொம்மைகள் 80 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை உயரமுள்ளவை. எடை 8 கி.கி. அளவு. தீவின் கிழக்கே உள்ள கத்தானியா நகரத்துப் பொம்மைகள் ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரம். எடை 30 கி.கி. வரை இருக்கும். முழங்காலும் மடங்காது. "இவ்வளவு கனமானால் மெதுவாகத்தான் நடக்கும்" என்று எண்ணினேன். மறுகணமே வெட்கமாகிவிட்டது. ஊசலின் அலைவு நேரம் எடையைப் பொறுத்ததல்ல என்று ஆண்டுதோறும் கற்பிப்பவன் நான்!

நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். காலைச் சீரான கோலாகக் கொண்டால், 40 செ.மீ. கால் ஒருமுறை முன்னே வீச ஏறக்குறைய 0.52 விநாடி, 65 செ.மீ. காலுக்கு 0.66 விநாடி. பெரிய பொம்மையின் நடை நிதானமாக இருப்பதற்குக் காரணம் கனம் அன்று, காலின் நீளம்!

செய்து பாருங்கள்

ஒரு முனையில் துளையுள்ள 30 செ.மீ. அளவுகோலை ஆணியில் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுங்கள். போய்த் திரும்புவது ஓர் அலைவு. 10 அலைவுகளுக்கு ஏறத்தாழ 9 விநாடி ஆகும். 15 செ.மீ. அளவுகோலுக்கு 6 விநாடிக்குச் சற்று அதிகம். நீளம் பாதியானால் நேரம் பாதியாவதில்லை என்பதைக் கவனியுங்கள். இப்போது ஒரே மாதிரியான இரண்டு 30 செ.மீ. அளவுகோல்களைச் சேர்த்துக் கட்டி ஆட்டுங்கள். எடை இரு மடங்கு. நேரம் மாறுகிறதா?

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் குட்டித் தம்பியோ தங்கையோ உங்களோடு நடந்து வரும்போது, நீங்கள் ஓர் அடி வைப்பதற்குள் அவர்கள் குடுகுடுவென்று இரண்டு அடி வைப்பது ஏன்? பலெர்மோ வீரர்களை நினைத்துக்கொண்டு விடை காணுங்கள்.