பெயர் சுட்டாமை

சென்ற விடுமுறையில், தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவியராகிய யாம் நால்வர், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே ஆலைத்தொழில் செய்யும் மகளிர் தங்கும் விடுதியொன்றிற்கு ஞாயிறுதோறும் சென்று, அவர்தம் வாழ்க்கையைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி வந்தோம். அக்குறிப்புக்களைப் பிறர்க்கு எவ்வாறு உரைத்தல் தகும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

வாளா இருத்தலே நன்று என்பார் உளர். அதனை யாம் ஒப்பவில்லை. 2021 டிசம்பரில், ஐபோன் பொருத்தும் பாக்ஸ்கான் ஆலையின் மகளிர் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 250 பேருக்கு மேல் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். உடன் தொழில் செய்வோர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். தரையிற் படுக்கையும், அறையின் நெருக்கமும், நீரற்ற கழிப்பறையும் அதன்பின்னரே உலகறிந்த செய்தியாயின. அவற்றைச் செய்தியாளரிடம் எடுத்துரைத்த பெண்கள், தம் பெயரை வெளியிடல் வேண்டா என்று கேட்டுக்கொண்டனர். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க பெருவிடுதியை அரசினர் திறந்தது 2024 ஆகஸ்டிலேயாம்.

ஆகவே உரைத்தல் வேண்டும். பெயரை மட்டும் மறைத்தாற் போதும் என்றே யாமும் எண்ணினோம். அகத்திணை மாந்தரின் பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியர் விதித்ததைப் பாடங்கேட்ட எமக்கு அஃது எளிதாகத் தோன்றியது. ஆனால் அதே வகுப்பில் நெடுநல்வாடையும் கேட்டிருந்தோம். அதில் அரசன் பெயர் யாண்டும் இல்லை. வேலிற் கட்டிய வேம்பு மட்டும் உண்டு. வேம்பு பாண்டியர் பூவாதலின் தலைவன் இன்னானென்பது விளங்கிவிட்டது என்று கொண்டு, நச்சினார்க்கினியர் அப்பாட்டைப் புறமென்றார். தேர்வில் இதனை எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். குறிப்பேட்டைத் திறந்தபோதோ மறந்துவிட்டோம்!

எம்முள் ஒருத்தி சிறு கூட்டமொன்றில் தன் குறிப்பைப் படித்தாள். பெயரும் ஊரும் மாற்றப்பட்டிருந்தன. ஆயின், "அறையிலுள்ள பதின்மருக்கும் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள்" என்பது அப்படியே இருந்தது. அவள் தந்தைக்குத் தெரியாமற் சீட்டுக் கட்டி வந்ததும் அதிலிருந்தது. கேட்டிருந்த மாணவி ஒருத்தியின் தமக்கை அவ்விடுதியிலேயே தங்குபவள். தையல் என்றதும் ஆள் இன்னாரென்று தெரிந்துவிட்டது. பத்து நாளில் செய்தி ஊர் சேர்ந்தது. ஆண்மகன் சீட்டுக் கட்டினால் சிக்கனம் என்னும் அவ்வீடு, மகள் கட்டியதைக் களவென்றது. வேலையை விட்டு வந்துவிடு என்றது. தமையன் ஒருவர் நடுவே நின்றிராவிடின் அவள் சென்றே இருப்பாள்.

அடுத்த ஞாயிறு யாம் தலைகுனிந்து சென்றோம். அவள் வைதிருந்தால் எமக்கு எளிதாயிருக்கும். "பேரச் சொல்லாதீங்கன்னு சொன்னேன். என்னையே சொல்லாதீங்கன்னு சொல்லத் தெரியாமப் போச்சே, தங்கச்சி" என்றாள்.

கற்றறிந்தாரும் இவ்வாறு இடறியதுண்டு. நான்சி ஷெப்பர்-ஹியூஸ் என்னும் அமெரிக்க அம்மையார் அயர்லாந்துச் சிற்றூர் ஒன்றைப்பற்றி, ஊர்ப்பெயரை மாற்றி, 1979-இல் நூல் வெளியிட்டார். ஊரார் தம்மையும் அயலாரையும் அதில் இனங்கண்டு நொந்தனர். 1999-இல் அவர் மீண்டும் சென்றபோது ஊரைவிட்டுப் போகுமாறு சொல்லப்பட்டார்.

பின்னர் யாம் குறிப்பு முழுவதையும் எடுத்துச் சென்று, சொன்னவரிடமே அவரவர் பகுதியைப் படித்துக் காட்டினோம். விடுதித் தலைவியார் முன்னரே இசைவு தந்திருந்தார். அஃது அவர் கட்டடத்திற்குள் நுழைய இசைவேயன்றி, ஒரு பெண்ணின் துயரை எழுத இசைவன்று என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது. உணவு, தண்ணீர், படுக்கை பற்றியவற்றை அனைவரும் தாராளமாகச் சொல்லச் சொன்னார்கள். வீடு, திருமணம், பணம் பற்றியவற்றுள் பெரும்பகுதி அடிக்கப்பட்டது. மிகச் சுவையான பக்கங்கள் அவையே என்பதை மறைப்பானேன்? ஒருத்தி தன் பக்கத்தைக் கிழித்தே வாங்கிக்கொண்டாள்.

தைப்பவளிடமும் இக்கட்டுரையைப் படித்துக் காட்டினோம். அவள் தைப்பவளும் அல்லள். மறைத்த பொருள் சீட்டும் அன்று. இவ்விரண்டும் அவளே எண்ணிப் பார்த்து எமக்குத் தந்த மாற்றங்கள்.