வகுப்பறையில் உபசாரம்

ஜீவனிடம் இரக்கம் காட்டுவதைக் காட்டிலும் ஜீவனைச் சிவமாகக் கண்டு சேவிப்பதே உயர்ந்தது என்று 1884-ஆம் ஆண்டு தட்சிணேசுவரத்தில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் உபதேசித்தார். உடனிருந்து கேட்ட நரேந்திரர் அதனையே பின்னாளில் தம் பணியின் அடித்தளமாகக் கொண்டார். சிறப்புத் தேவையுடைய குழந்தை பயிலும் வகுப்பறையில் இவ்வுபதேசம் எவ்வடிவம் கொள்கிறது? பூஜையின் உபசாரங்களே இதற்கு வழிகாட்டுகின்றன.

முதலாவது, ஆசனம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை பெரிய பெஞ்சில் கால் தொங்க அமர்ந்தால் உடல் சரிந்துகொண்டே இருக்கும். நிமிர்ந்திருக்க முயல்வதிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிடும். பாடம் எங்ஙனம் மனத்தில் பதியும்? பாதங்களுக்கு அடியில் ஒரு மரப்பலகையும், இடுப்புக்கு ஓர் அணையும் பெரிய மாற்றத்தைத் தரும்.

அடுத்தது, நீர். துயரம் மிகுந்த இடம் இதுவே. கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லாமையால், பள்ளி முடியும்வரை நீரே அருந்தாத குழந்தைகள் உண்டு. சில பள்ளிகளில் தாய் தன் வேலையை விட்டுவிட்டு நாள் முழுவதும் தாழ்வாரத்தில் காத்திருக்கிறாள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் கட்டடத்தைத் தடையற்றதாக்குவதோடு ஒவ்வொரு குழந்தைக்கும் தேவையான உதவியையும் அளிக்க வேண்டும் என்கிறது. சாய்தளம் கட்டுவது எளிது. கைபிடித்து அழைத்துச் செல்ல ஒருவரை நியமிப்பதில்தான் தயக்கம்.

வலிப்பு நேர்ந்தால் கையில் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் இடாமல், தலைக்கடியில் மெத்தென்ற துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிடில் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதனை எல்லா ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியம்.

ஆனால் ஓரிடத்தில் பூஜைக்கும் இச்சேவைக்கும் வேறுபாடு உண்டு. திருவுருவத்திற்கு அனைத்தையும் அர்ச்சகரே செய்கிறார். குழந்தைக்கோ தன் கை உண்டு. அக்கை பழக வேண்டும். அன்பு மிகுந்த உதவியாளர் தாமே எழுதிக் கொடுத்து, தாமே விடை சொல்லி, எப்போதும் அருகிலேயே அமர்ந்துவிடுகிறார். நாளடைவில் ஆசிரியரும், “இவன் எழுதினானா?” என்று அவரையே கேட்கத் தொடங்குகிறார். தோழர்களும் விலகிப் போகின்றனர். தேவையானபோது நெருங்கவும், மற்ற நேரத்தில் நான்கடி தள்ளி நிற்கவும் உதவியாளர் பழகுதல் பெரிய சாதனை.

உணவு வேளையில் இது நன்கு விளங்கும். ஊட்டிவிட்டால் பத்து நிமிடம். தடித்த பிடியுள்ள கரண்டியைக் கொடுத்துவிட்டால் அரைமணி நேரம், சோறும் சிந்தும். அதுவரை காத்திருக்கும் ஆசிரியரின் வகுப்பில் பிற்பகல் பாடம் சற்றுத் தாமதமாகவே தொடங்குகிறது.