பார்வை குன்றியோருக்கான ஒலிப்பதிவுக் கருவி: தேர்ந்தெடுக்கும் முறை

நீரிழிவினால் விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை குன்றியவர்களால் மருந்துச் சீட்டைப் படிக்க இயலாது. ஆகவே, மருந்தின் அளவையும் வேளையையும் ஒலிப்பதிவு செய்துகொள்ளுமாறு அவர்களிடம் கூறி வருகிறோம். எங்கள் நோயாளி ஒருவர் அவ்வாறே ஒரு கருவியை வாங்கினார். இன்சுலின் அளவைக் குறைத்து நாங்கள் கூறியதைப் பதிவு செய்துவிட்டதாகவே அவர் எண்ணினார். பதிவு நிகழ்வதை அறிவிக்க அக்கருவியில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மட்டுமே இருந்தது. அது எரியாததை அவர் காணவில்லை. வீட்டில் பழைய பதிவைக் கேட்டு, பழைய அளவையே செலுத்திக்கொண்டார். மறுநாள் இரவு, இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்த நிலையில் அவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தனர். அவர் நலமடைந்தார். ஆயினும், எத்தகைய கருவி வேண்டும் என்பதை முன்பே விளக்காதது எங்கள் குறையே.

கருவி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. ஒலி அறிவிப்பு: பதிவு தொடங்கும்போது ஓர் ஒலியும் முடியும்போது வேறோர் ஒலியும் எழ வேண்டும். பட்டியலையும் மின்கலத்தின் அளவையும் பேசிக் காட்டும் கருவிகளும் உள்ளன. அவை எந்த மொழியில் பேசும் என்பதைக் கேட்டறிக.

2. விசைகள்: நீரிழிவினால் விரல்நுனி உணர்ச்சியும் மங்கக்கூடும். எனவே விசைகள் புடைத்தும் இடைவெளிவிட்டும் இருத்தல் நன்று. மேலும் கீழும் நகர்த்தும் விசையாயின், அதன் நிலையைத் தொட்டே அறியலாம். பக்கவாதம் உற்றவர்கள் ஒரு கையால் இயக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

3. மின்னூட்டம்: 'டைப்-சி' செருகியை எப்பக்கமாகவும் செருகலாம், தடவித் திருப்ப வேண்டியதில்லை.

4. கொள்ளளவு: 128 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிடப் பதிவுக்கு ஏறத்தாழ 1 எம்.பி. போதும். 4 ஜி.பி. கருவியில் 65 மணி நேரத்துக்கு மேல் பதியலாம். அதிகக் கொள்ளளவுக்காக அதிகப் பணம் செலவிட வேண்டியதில்லை.

திறன்பேசி வைத்திருப்போர் புதிய கருவி வாங்குமுன், ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' ஆகிய திரைவாசிப்பு வசதிகளைப் பழகிப் பார்க்கலாம். திரைவாசிப்பானின் குரலும் பதிவில் கலக்கக்கூடும் என்பதால் காதணிபேசியை அணிவது நல்லது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கருவியைப் பயன்படுத்தப்போகிறவரே, பிறர் உதவியின்றி, பத்து விநாடி பதிந்து, நிறுத்தி, மீண்டும் கேட்க வேண்டும். உடன் வருவோர் பொறுமையாகப் பார்த்திருங்கள். உங்கள் கண்ணுக்கு எளிதாகத் தோன்றுவது அவர் கைக்கு எளிதாக இராது.

மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். முதலில் அன்றைய தேதியைக் கூறுங்கள். அறையைவிட்டு வெளியேறுமுன் பதிவை எங்கள் முன்னிலையில் ஒருமுறை கேளுங்கள். புதியது சரியாக இருப்பின் பழைய பதிவை அழித்துவிடுங்கள். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் அந்த ஒரு நிமிடத்தைத் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள்.