மெவிக்கா: டிஜிட்டல் அல்லாத கமரா

பிலிம் இல்லாத கமரா என்றால் அது டிஜிட்டல் கமராதான் என்று நினைத்துவிடுகிறோம். 1981 ஆகஸ்டில் யப்பானின் சோனி நிறுவனம் அறிமுகப்படுத்திய மெவிக்காவையும் சிலர் அப்படியே எழுதிவிடுகின்றனர். உண்மையில் அதில் ஓர் இலக்கமேனும் பதியப்படவில்லை.

வில்லையூடாக வந்த ஒளியை உள்ளேயிருந்த சில்லு மின்சைகையாக மாற்றியது. அச்சைகை 0, 1 என்று ஆக்கப்படாமல், கசெற்றில் பாட்டுப் பதிவதைப் போல, அலையாகவே சிறியதொரு காந்தத் தட்டில் பதிந்தது. தட்டில் 50 வட்டத் தடங்கள். தடத்துக்கு ஒரு படம்.

எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. தட்டு நிமிடத்துக்கு 3600 தடவை சுழலும். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 1/60 செக்கன். யப்பானியத் தொலைக்காட்சி தன் திரையை ஒரு தடவை வரைந்து முடிக்கும் நேரமும் அதுவே! ஆகவே ஒரே தடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் திரையில் படம் அசையாமல் நிற்கும். மெவிக்கா எடுத்தது, நிறுத்தி வைத்த தொலைக்காட்சிப் படம்.

அதனால் தெளிவு குறைவு. பிரதியெடுக்க எடுக்க இன்னும் மங்கும். மெவிக்கா கடைக்கு வரவுமில்லை. எனினும் 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கெனன் நிறுவனம் இவ்வகைக் கமராவைப் பரீட்சித்து, படங்களைத் தொலைபேசி வழியே யப்பானுக்கு அனுப்பியது. பத்திரிகைக்குத் தெளிவைவிட நேரம் பெரிதல்லவா? 1986இல் கெனனின் ஆர்சி-701 விற்பனைக்கு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், படத்தை இலக்கங்களாகப் பதிந்த கமரா மெவிக்காவுக்கு முன்பே இருந்தது. 1975இல் அமெரிக்காவின் கொடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் அதைச் செய்திருந்தார். ஒரு படத்தைக் கசெற்றில் பதிய அதற்கு 23 செக்கன் பிடித்தது.