பல்லை அளந்தால் ஆணா பெண்ணா என்று தெரியுமா?

கேள்வி: எலும்புக்கூட்டின் பல்லை அளந்தே ஆணா, பெண்ணா என்று தடயவியல் நிபுணர்கள் சொல்லிவிட முடியுமா?
– வாசகி, மதுரை

பதில்: ஊகிக்கலாம், அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. சராசரியாக ஆண்களின் பற்கள் சற்றுப் பெரியவை. இந்த வேறுபாடு கீழ்த்தாடைக் கோரைப்பல்லில்தான் அதிகம் தெரியும். அதுவும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே. பெரிய பல் கொண்ட பெண்களும் சிறிய பல் கொண்ட ஆண்களும் நிறைய உண்டு. மக்கள் கூட்டத்துக்கு ஏற்பவும் அளவு மாறும் என்பதால், ஓரிடத்துக் கணக்கு இன்னோரிடத்துக்குப் பொருந்தாது.

பெரியவர்கள் என்றால் இடுப்பெலும்பே நல்ல சாட்சி. அது சிதைந்திருந்தால் பல் கைகொடுக்கும். குழந்தைகளிடம் பல்லின் மதிப்பு இன்னும் கூடுதல். பருவமடையும் முன் இடுப்பெலும்பில் வேறுபாடு தெளிவாகத் தெரியாது. நிலையான கோரைப்பல்லின் மேற்பகுதியோ ஏழு வயது வாக்கிலேயே முழு அளவை எட்டிவிடும்.

பற்கூழில் டி.என்.ஏ. கிடைத்தால் அமெலோஜெனின் மரபணுவைப் பார்ப்பார்கள். எக்ஸ், ஒய் குரோமோசோம்களில் அதன் நீளம் வேறுபடும். இந்திய ஆண்கள் சிலரிடம் ஒய் பிரதி இல்லாததும் கண்டறியப்பட்டிருப்பதால், வேறொரு ஒய் மரபணுவையும் சோதிப்பது அவசியம். அடையாளம் பிசகினால் ஒரு குடும்பம் யாரோ ஒருவருக்கு ஈமக்கடன் செய்ய நேரும். ஆகவே ஒரே அளவை நம்பித் தீர்ப்பு எழுதுவது தகாது.