பெருநாள் சோறும் மறுநாள் அடுப்பும்



கடைக் கணக்கைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லாதவன் நான். மதரஸாவில் ஓதியதும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததும்தான் என் படிப்பு. சமையலில் பேர் பெற்றவனும் அல்லன். ஆனால் ஒரு பெருநாள் சமையலால் பட்ட பாடு இன்றும் மனத்தில் இருக்கிறது. கடை மாடியில் தங்கிக் கூட்டாகச் சமைத்து உண்பவர்களும், பெருநாளில் வேலையாட்களுக்குச் சோறு போடுகிற முதலாளிமார்களும் நம்மில் உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

2006ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மறுநாள் புத்தாண்டு விடுமுறை. சைனாடவுனில் எங்கள் கடை மாடியில் அப்போது எட்டுப் பேர் இருந்தோம். இரண்டு நாள் கடை அடைப்பு என்ற உற்சாகத்தில் 3 கிலோ அரிசிக்கு 3 கிலோ ஆட்டிறைச்சி போட்டுப் பெரிய தேக்சாவில் பிரியாணி ஆக்கினோம். எட்டு வயிற்றுக்கு 3 கிலோ அரிசி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பெருநாளில் அளவு பார்ப்பது கஞ்சத்தனம் என்ற எண்ணம் நமக்கு உண்டல்லவா? பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது. தேக்சாவை அடுப்பின் மேலேயே மூடி வைத்துவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் பகல் தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கச் சுட வைத்தோம். வாடை இல்லை, நூல் விடவில்லை, ருசியும் நேற்றையதை விட நன்றாகவே இருந்தது. அஸர் நேரத்துக்குள் நான்கு பேர் வாந்தி எடுத்தோம். எங்களோடு இருந்த மூத்த காக்கா ஒருவர் சர்க்கரை நோயாளி. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. ஊரிலிருந்து அவருடைய மகள் போன் செய்து, “வாப்பாவுக்கு என்ன கொடுத்தீங்க?” என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. சமைத்தவன் நான்.

“நன்றாகச் சுட வைத்தோமே, பிறகு எப்படி?” என்று டாக்டரிடம் கேட்டேன். அன்று அவர் சொன்னதும் அதன் பிறகு நான் கேட்டறிந்ததும் சேர்த்து இதுதான். அரிசியோடு ஒட்டி வருகிற கிருமி ஒன்று இருக்கிறது. பாசில்லஸ் சீரியஸ் என்று பெயர். அது விதை போன்ற ஒரு வடிவத்தில் உறங்குகிறது. சோறு கொதிக்கும்போது கிருமி சாகும், அந்த விதை சாகாது. சோறு ஆறி வெதுவெதுப்பாக நிற்கும்போது விதை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடுகிறது. அந்த நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போவதில்லை, எண்ணெயில் பொரித்தாலும் போவதில்லை. ஆகவே “சுட வைத்தால் சரியாகிவிடும்” என்று நம் வீடுகளில் சொல்லி வருவது சோற்றைப் பொறுத்தவரை தவறான நம்பிக்கை. வாடையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.

5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள் உள்ள சூடுதான் கிருமிகளுக்குப் பிடித்தமானது. சிங்கப்பூரில் இரவில்கூட 25 டிகிரி இருக்கிறது. அதிலும் பெரிய தேக்சாவின் கதையே வேறு. வெங்காய மூட்டையில் நடுவில் உள்ள வெங்காயம் முதலில் அழுகுவதை நாம் பார்த்திருக்கிறோம். காற்றுப் படாத நடுப்பகுதியில் புழுக்கம் தங்குவதே காரணம். தேக்சாவும் அப்படித்தான். மேலே ஆறிவிட்டது போலத் தெரியும். நடுவில் கை வைத்தால் பல மணி நேரம் சூடு அப்படியே நிற்கும். இறைச்சி ஆணத்துக்கும் இது பொருந்தும்.

இதற்கு மருந்து அளவிலேயே தொடங்குகிறது. ஆண்கள் மட்டும் உண்ணும் பந்திக்கு 1 கிலோ அரிசி 8 பேருக்குப் போதும். வட்டிலப்பம், சமோசா, மற்ற பலகாரங்கள் இருந்தால் 10 பேருக்கும் வரும். விருந்தாளிகள் நேரம் தவறி வருவார்கள் என்று அஞ்சினால் இரண்டு தவணையாகச் சோறு ஆக்குங்கள். மசாலாவும் பொரித்த வெங்காயமும் முன்கூட்டியே இருந்தால் இரண்டாம் தவணைக்கு ஒரு மணி நேரம் போதும். அரைத்த இஞ்சி பூண்டின் மேல் எண்ணெய் ஊற்றி அலமாரியில் வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எண்ணெய்க்கு அடியில் காற்றில்லாத இடத்தில் வளர்கிற கிருமி இன்னும் கொடியது. அது குளிர்பெட்டியில் இருக்க வேண்டிய பொருள்.

மிஞ்சியதை உடனே அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். ஆணச் சட்டியை ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் கிளற வேண்டும். ஆவி அடங்கியதும் மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும். சோறு ஒரு நாள், ஆணம் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததை ஒரே தடவைதான் சுட வைக்கலாம், அதுவும் நடுவில் ஆவி பறக்கும்வரை.

அப்படியானால் நம் முன்னோர்கள் பழஞ்சோறு உண்டு வாழவில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும்போது அது புளிக்கிறது. அந்தப் புளிப்பு ஏற ஏறப் பல கிருமிகள் அடங்கிவிடுகின்றன. நெய்யும் இறைச்சியும் கலந்த பிரியாணி அப்படிப் புளிப்பதில்லை. இரண்டையும் ஒரு கணக்கில் சேர்க்கக் கூடாது.

நோன்புக் கஞ்சி பற்றியும் ஒரு வார்த்தை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிற ஜாமிஆ சூலியா பள்ளியின் கஞ்சியை அறியாதவர் நம்மில் இல்லை. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், ரம்பை இலை, தேங்காய்ப்பால் என்று போட்டு நம் வீடுகளிலும் காய்ச்சுகிறோம். அஸருக்குப் பின் கைக்கு வந்த கஞ்சியில் பாதியை நோன்பு திறக்கக் குடித்துவிட்டு மீதியை மேசை மேல் சஹருக்கு வைப்பவர்கள் உண்டு. அது பதினொரு மணி நேரத்துக்குக் குறையாது. சஹருக்கு வேண்டுமானால் வந்த உடனே தனியாக எடுத்து, ஆற்றி, குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

இனி, இறைச்சியைப் பல நாள் வைத்துக்கொள்வது. அந்த 2006 பெருநாளில் எனக்கு இரண்டாவது பாடமும் கிடைத்தது. சமைக்காமல் மீந்திருந்த இறைச்சியை உப்புக்கண்டம் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். கீழக்கரையில் உம்மா போடுவதைப் பார்த்து வளர்ந்தவன். கொழுப்பு நீக்கி விரல் கனத்துக்கு அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிரட்டி, கயிற்றில் கோத்துக் கொடியில் கட்டினால் நாலைந்து வெயிலில் கட்டைபோல் காய்ந்துவிடும். அதே முறையில் இங்கே கடையின் பின்புறம் கட்டினேன். அந்தச் சனவரியில் மழை விட்டபாடில்லை. அடுத்த கரையில் ஜொகூரில் வெள்ளமே வந்தது. மூன்றாம் நாள் கண்டத்தின் மேல் பச்சைப் பூசணம். நாலாம் நாள் பக்கத்துக் கடைச் சீனர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவர் மேல் குற்றமில்லை.

உப்புக்கண்டம் போடும் முறையில் குறையில்லை, காற்று வேறு. கிருமி பெருகுவதற்குள் தண்ணீர் வெளியேறிவிட வேண்டும் என்பதே உலர்த்துதலின் இரகசியம். இராமநாதபுரத்துக் கோடை வெயிலுக்கு அது முடியும். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரி 80 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, விடியற்காலையில் 90ஐயும் தாண்டுகிறது. பகலில் காய்ந்தது இரவில் மறுபடி ஈரம் குடிக்கிறது. பெருநாளோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து எல்லாப் பருவத்திலும் வரக்கூடியது. வெயிலை நம்பிக் கணக்குப் போட முடியாது.

ஈரமான நாடுகளில் இருப்பவர்கள் இதற்கு வழி கண்டே இருக்கிறார்கள். நாம் விற்கிற மாசியையே பாருங்கள். மாலத்தீவில் சூரை மீனை அப்படியே வெயிலில் போடுவதில்லை. முதலில் உப்புத் தண்ணீரில் வேக வைத்து, பிறகு புகையில் வாட்டி, கடைசியில்தான் வெயில். மலாய்க்காரர்களின் ரெண்டாங்கும் இப்படிப்பட்டதே. தேங்காய்ப்பாலிலும் மசாலாவிலும் இறைச்சியை மூன்று நான்கு மணி நேரம் சிறு தீயில் வற்ற விட்டு, எண்ணெய் பிரிந்து கறுப்பேறும்வரை கிளறுகிறார்கள். தண்ணீரை அடுப்பே வாங்கிவிடுகிறது. அதைவிட ஒரு படி மேலே போய், வெந்த இறைச்சியைப் பஞ்சுபோல் பிய்த்து வறுத்தால் செருண்டிங்.

இப்போது நான் செய்யும் உப்புக்கண்டம் இந்த வழியில்தான். 1 கிலோ இறைச்சிக்கு 100 கிராம் உப்பு. பிரட்டியதை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் ஆவியில் முழுதாக வேக வைக்கிறேன். பிறகு ஓவனில் 70 டிகிரியில், கதவைச் சற்றே திறந்து வைத்து, ஆறு மணி நேரம். வளைத்தால் நார் நாராகப் பிளக்க வேண்டும். டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியிலேயே வைக்கிறேன், அலமாரியில் வைப்பதில்லை. உம்மா கண்டத்தின் மணம் இதில் பாதிதான் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பச்சை இறைச்சியாகவே வைப்பதானால், ஒரு வேளைச் சமையலுக்கு எவ்வளவோ அவ்வளவாகத் தட்டையான பொட்டலம் கட்டி உறைய வையுங்கள். 5 கிலோவை ஒரே மூட்டையாக உறைய வைத்தால் எடுக்கும்போது மொத்தமும் இளக வேண்டும். மேசை மேல் இளக விடாமல், முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

கடையில் சரக்கு வந்த தேதியை மூட்டைக்கு மூட்டை எழுதுகிற நாம், சமைத்த சட்டிக்கு எழுதுவதில்லை. எங்கள் மாடியில் இப்போது ஒவ்வொரு டப்பாவிலும் காகிதம் ஒட்டித் தேதியும் மணியும் எழுதுகிறோம். பெருநாள் அன்று அந்த வேலை வயதில் இளையவனுக்கு. சென்ற முறை அந்தப் பையன் என் தேநீர்க் குவளையிலும் மணி எழுதி ஒட்டிவிட்டான்.