பின்னட்டையிலேயே சொல்லிவிடு

அன்புள்ள கண்ணம்மா,

உன் நாவலை நேற்று ராத்திரி படித்து முடித்தேன். டைட்டன் நிலவின் சுரங்கக் குடியிருப்பில், கையுறையைக் கழற்றிவிட்டு, விண்கலம் ஓட்டுகிறவளின் மரத்துப்போன விரல்களை மற்றவள் ஊதி ஊதிச் சூடேற்றுகிறாளே, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன். அந்த இரண்டு பெண்களும் காதலிக்கிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் நீ எழுதியிருக்கும் பின்னட்டைக் குறிப்பிலோ "இரு தோழிகளின் விண்வெளிச் சாகசம்" என்று இருக்கிறது. சொந்தக்காரர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் எனக்குப் புரியாமலில்லை. பயமாக இருந்தால் புனைபெயர் வைத்துக்கொள். அந்தக் காதலை மட்டும் நட்பு என்று எழுதாதே.

நீ நாவலை அமேசானின் கிண்டில் அன்லிமிட்டெட்டில் போடப்போகிறாய். அங்கே மாதச் சந்தா கட்டியவர்கள் எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் புரட்டலாம், பிடிக்காவிட்டால் மூடிவிடலாம். 2015 ஜூலையிலிருந்து எழுத்தாளருக்குப் பணம் வருவது படித்த பக்கங்களின் கணக்கில்தான். சாகசம் என்று நம்பி எடுத்தவர் பத்தாம் பக்கத்தில் வைத்துவிட்டால் உனக்கு என்ன கிடைக்கும்? இரண்டு பெண்களின் காதல் கதையைத் தேடித் தேடிப் படிக்கிறவர்களோ, உன் குறிப்பைப் பார்த்து இது தங்களுக்கானது என்றே அறியமாட்டார்கள். அவர்களைப் போல ஆழ்ந்து படிக்கிற வாசகர்கள் கிடைப்பது அபூர்வம். முடிவு சுபம் என்பதையும் மறைக்காமல் சொல். தங்களைப் போன்றவர்கள் கடைசி அத்தியாயத்தில் சாகிற கதைகளையே படித்து நொந்தவர்கள் அவர்கள். தேடுசொல்லுக்கு அமேசான் ஏழு கட்டங்கள் தருகிறது. அந்த வாசகர்கள் என்ன தட்டித் தேடுவார்களோ, அதையே நிரப்பு.

வெளிப்படையாகச் சொன்னால் புத்தகம் ஓரத்தில் கிடக்கும் என்று நினைக்காதே. அறிவியல் புனைகதை எழுத்தாளர் பெக்கி சேம்பர்ஸ் 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் பணம் திரட்டி, 2014இல் தன் முதல் நாவலைத் தானே வெளியிட்டார். அதில் ஒரு மனிதப் பெண்ணுக்கும் வேற்றுக்கிரகப் பெண்ணுக்கும் காதல் உண்டு. அடுத்த ஆண்டு அதையே பெரிய பதிப்பகம் வெளியிட்டது. 2019இல் அந்த நாவலில் தொடங்கும் வரிசைக்கு ஹியூகோ விருதும் கிடைத்தது.

கிண்டில் அன்லிமிட்டெட்டில் சேருமுன் ஒப்பந்தத்தை நிதானமாகப் படி. 90 நாளைக்கு உன் மின்னூல் அமேசானிடம் மட்டுமே இருக்க வேண்டும். நீ இணையத்தில் இலவசமாகப் போட்டுவைத்த அத்தியாயங்களை முதலில் எடுத்துவிடு. தானாகப் புதுப்பிக்கும் இடத்தில் இருக்கும் டிக்கையும் நீக்கிவிடு. 90 நாள் முடிந்ததும் நீயே யோசித்து முடிவெடுக்கலாம். கோபோ பிளஸ் என்ற இன்னொரு சந்தா சேவை இப்படித் தனியுரிமை கேட்பதில்லை, அதையும் பார். ஒரே கடையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2009 ஏப்ரலில் அமேசானில் தன்பாலினக் காதலைச் சொன்ன ஏராளமான புத்தகங்கள் விற்பனைத் தரவரிசையிலிருந்து காணாமல் போயின. பட்டியலிட்டதில் நேர்ந்த பிழை என்று நிறுவனம் சொன்னது, சரியும் செய்தது. ஆனாலும் அந்த நாட்களில் எழுத்தாளர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருந்தது. அதனால் நாவலின் கடைசிப் பக்கத்தில், விருப்பமுள்ள வாசகர்கள் தங்கள் மின்னஞ்சல் முகவரியை உனக்குத் தர ஒரு வழி வை. கடை கைவிட்டாலும் அவர்களிடம் நீ நேராகப் பேசலாம்.

பின்னட்டைக் குறிப்பை இந்த வாரமே திருத்தி எனக்கு அனுப்பு. வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால், என்னிடம் பேசச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா